தராசு மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர்

கேள்வி:

அம்மா, வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறேன். இது எனக்கு இரண்டாம் ஆண்டு. செய்முறை வகுப்பில் 24 பேர். நானும் ஓர் உதவியாளரும்தான் பார்த்துக்கொள்கிறோம். தவணையின் முதல் நாள் இரண்டு மணி நேரம் பாதுகாப்பு விதிகளைச் சொல்லி, 34 விதிகள் அச்சிட்ட தாளில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குகிறேன். பாதுகாப்புக் கண்ணாடி போடாவிட்டால், லேப் கோட்டின் கையை மடித்துவிட்டால் 5 மதிப்பெண் கழிப்பேன். சென்ற மாதம் ஒரு மாணவி மணிக்கட்டில் காஸ்டிக் சோடா பட்டு வெந்துபோனதை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அவள் அம்மா பார்த்துக் கிளினிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். மறுநாள் விசாரித்தபோது, "கோட் கையை மடிச்சிருந்தேன் மிஸ், மார்க் போயிடும்னு சொல்லல" என்று அழுதாள். தராசு மேசையில் தண்ணீர் என்று நினைத்துக் கையை ஊன்றினாளாம். துறைத் தலைவர் தண்டனையை 10 மதிப்பெண்ணாக்கச் சொல்கிறார். உடன் வேலை செய்கிறவர்கள் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான்" என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இவர்களுக்குப் பாதுகாப்பை எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?

விரிவுரையாளர், கோலாலம்பூர்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்தப் பெண்ணின் கை. இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதம் ஆகியும் புண் ஆறவில்லை என்றாலோ, மணிக்கட்டை மடக்கும்போது தோல் இழுத்துப் பிடிக்கிறது என்றாலோ, கிளினிக்கோடு விட்டுவிடாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அமிலம் பட்ட இடத்தில் தோலின் புரதம் உறைந்துபோய், அந்த உறைவே அமிலம் மேலும் இறங்காமல் ஓரளவு தடுக்கும். காஸ்டிக் சோடா போன்ற காரத்துக்கு அந்தத் தடை கிடையாது. கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, கழுவி நீக்கும்வரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மேலே ஐந்து காசு அளவு தெரிகிற புண் உள்ளே எவ்வளவு ஆழம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அவள் அம்மாவிடம் நீங்களே ஒருமுறை பேசிவிடுங்கள். கல்லூரி அலுவலகம் பேசுவது வேறு, பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவர் பேசுவது வேறு.

அடுத்தது துறைத் தலைவர் சொன்னது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 5 மதிப்பெண்ணுக்குப் பயந்து ஆசிரியரிடம் மறைத்தவள், 10 மதிப்பெண் என்றால் அம்மாவிடமும் மறைப்பாள்.

உங்கள் கடிதத்தை நான் நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நின்றேன்: தண்ணீர் என்று நினைத்துக் கையை ஊன்றினாள். அந்தச் சொட்டு அங்கே எப்படி வந்தது என்று யாராவது கேட்டீர்களா? காஸ்டிக் சோடா வில்லை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இழுத்த ஈரத்திலேயே தான் கரைந்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. தராசுத் தட்டிலிருந்து ஒரு வில்லை தவறி விழுந்தால், கொஞ்ச நேரத்தில் வெள்ளை வில்லை இருந்த இடத்தில் பளிங்குபோல ஒரு சொட்டு இருக்கும். பார்க்கத் தண்ணீர், உண்மையில் மிக அடர்த்தியான காரம். ஆக, யாரோ ஒருவர் வில்லையைச் சிந்தினார். கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பயந்து பேசாமல் போனார். அதன்பின் எத்தனையோ பேர் அந்த மேசையைத் தாண்டிப்போனார்கள். கடைசியாக ஒரு பெண் கையை ஊன்றினாள். இத்தனை கண்ணிகள் கொண்ட சங்கிலியில் கடைசிக் கண்ணி அவளுடைய மடித்த சட்டைக்கை. உங்கள் விதித்தாள் பிடிப்பது அந்தக் கடைசிக் கண்ணியை மட்டும்தான். சிந்தியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, காயம் பட்டவளுக்கு மதிப்பெண் போகும் என்றால், பிள்ளைகள் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்கள் என்று யோசித்துப்பாருங்கள்.

அவள் ஏன் கோட்டின் கையை மடித்தாள் என்றும் கேளுங்கள். கோபமாக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. கல்லூரி ஒரே அளவில் கோட் வாங்கியிருக்கலாம். கை விரல்வரை தொங்கியிருக்கலாம். தொங்கும் கை பியூரெட் என்ற கண்ணாடி அளவுக்குழாயைத் தட்டிவிடும் என்று மடித்திருந்தால், அவள் தன் அறிவுக்கு எட்டிய பாதுகாப்பைத்தான் செய்திருக்கிறாள். அதற்கு மருந்து, கையில் எலாஸ்டிக் வைத்த, அளவான கோட்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்களைவிடக் கடுமையானவள். பினாங்கில் அப்போது நான் இருந்த கல்லூரியில் என் குரலைக் கேட்டாலே மாணவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். அதை நான் ஒழுங்கு என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதிய உணவு நேரத்தில், ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லாதபோது, புகையை வெளியே இழுக்கும் பியூம் கப்போர்டுக்குள் இருந்த கழிவு பாட்டில் வெடித்தது. கண்ணாடிச் சில்லுகள் எதிர்ச்சுவர்வரை பறந்திருந்தன. யாரோ நைட்ரிக் அமிலக் கழிவில் எத்தனாலை ஊற்றி மூடியை இறுக்கியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் உடனே வெடிக்க வேண்டும் என்பதில்லை. மெல்ல மெல்ல வாயு உண்டாகி, மூடிய பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறி, சில சமயம் மணிக்கணக்கில் கழித்துத்தான் வெடிக்கும். பத்து நிமிடம் முன்னதாக நடந்திருந்தால் அங்கே பதினாறு பேர் நின்றிருப்பார்கள்.

யார் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கத்தினேன், இன்னும் இறுகிப்போனார்கள். அந்த ஆண்டு முடியும் தறுவாயில்தான் ஒரு பையன் வந்து சொன்னான்: பாட்டிலில் பெயரே ஒட்டவில்லை, ஊற்றிய பிறகு சூடாவது கையில் தெரிந்தது, உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது டீச்சர் என்று. பாட்டில் சூடாகிறது என்ற ஒரு வார்த்தை. அதை அவன் வாயிலிருந்து வரவிடாமல் செய்தது என் குரல். அந்தக் குரலை அன்றோடு மாற்றிக்கொண்டேன்.

அமெரிக்காவில் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 2010 ஜனவரி 7ஆம் தேதி நடந்ததையும் உங்கள் துறைத் தலைவருக்குச் சொல்லுங்கள். நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட் என்ற, வெடிக்கக்கூடிய சேர்மம். ஒரு தடவைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக் கூடாது என்பது வாய்வார்த்தையாக மட்டும் இருந்த வரம்பு. எல்லாச் சோதனைக்கும் ஒரே தயாரிப்பு போதுமே என்று மாணவர்கள் இருவர் சுமார் 10 கிராம் செய்துவிட்டார்கள், நூறு மடங்கு. அவர்களில் ஒருவர் அதை உரலில் இட்டுக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு நகர்ந்தவர், இன்னொரு முறை கிளறிவிடலாம் என்று திரும்பி வந்தபோது வெடித்தது. மூன்று விரல்கள் போயின, கையும் முகமும் வெந்தன, கண்ணில் காயம். விசாரித்த வேதிப்பொருள் பாதுகாப்பு வாரியம் அந்த மாணவரை மட்டும் குற்றம் சொல்லி அறிக்கையை மூடவில்லை. அங்கே முன்பே நடந்த விபத்துகள் ஒழுங்காக எழுதி வைக்கப்படவில்லை, மற்றவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதையும் எடுத்துச் சொன்னது. சொல்லப்படாத சின்ன விபத்துகள்தான் சேர்ந்து சேர்ந்து பெரிய விபத்தாகின்றன. உங்கள் மாணவி மறைத்தது போன்ற விபத்துகள்.

இனி, எப்படிக் கற்றுக்கொடுப்பது. முதல் நாள் இரண்டு மணி நேரப் பேச்சை விட்டுவிடுங்கள். 34 விதிகளை ஒரே மூச்சில் கேட்ட யாருக்கும் மூன்றாவது வாரம் ஐந்துகூட நினைவில் இருக்காது. அந்தக் கையெழுத்து கல்லூரியின் கோப்புக்குப் பயன்படும், பிள்ளையின் கைக்குப் பயன்படாது.

முதல் வகுப்பில் ஒரு கெமிக்கலும் வெளியே எடுக்காதீர்கள். பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் கண்ணைத் துணியால் கட்டி, தன் மேசையிலிருந்து கண் கழுவும் குழாய்வரை அவரைத் தானாக நடந்துபோகச் சொல்லுங்கள். மற்றவர் கூடவே போகட்டும், இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள மட்டும். பத்து விநாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. முதல் முயற்சியில் பாதிப் பேர் நாற்காலியில் முட்டிக்கொள்வார்கள். சிலர் எதிர்ப்பக்கம் போவார்கள். கண்ணில் அமிலம் பட்டவருக்குக் கண் தெரியாது என்பதை அந்த நடையில்தான் உணர்வார்கள். பிறகு குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். துரு நிறத்தில் தண்ணீர் வந்தால் அது அவர்களுடைய குற்றமல்ல, நம்முடையது. வாரம் ஒருமுறை திறந்து ஓடவிட வேண்டிய குழாய் அது. தண்ணீர் ஓட ஓடக் கடிகாரத்தைப் பார்த்தபடி 15 நிமிடம் நிற்க வையுங்கள். எவ்வளவு நீண்ட நேரம் அது! "கழுவிட்டேன் மிஸ்" என்று ஒரு நிமிடத்தில் திரும்பி வருகிற பழக்கம் அங்கேதான் உடையும். கழுவுவது தண்ணீரால் மட்டும்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். காரம் பட்டால் வினிகர் ஊற்றலாம் என்று கெட்டிக்கார மாணவர்கள்தான் நினைப்பார்கள். நடுநிலையாக்கும்போது வரும் வெப்பம் வெந்த இடத்தை மேலும் வேகவைக்கும்.

இந்த இடத்தில் மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை நெடுநாள் யோசிக்க வைத்த விஷயம் இது. நம் பிள்ளைகளில் பலர் ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி, கல்லூரிக்கு வந்தால் ஆங்கிலம். 2013ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி இங்கே விற்கும் ஆபத்தான வேதிப்பொருளின் லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். இரண்டையும் அவர்கள் வாசித்துவிடுவார்கள். ஆனால் வாசித்த சொல் மனத்தில் போய் இறங்குவது வீட்டுத் தமிழில். அங்கே சில சொற்கள் வழுக்குகின்றன. காரம் என்றால் மிளகாய். பட்ட உடனே சுரீரென்று எரியும். ஆய்வுக்கூடத்துக் காரமோ முதலில் சோப்புப்போல வழவழவென்றுதான் இருக்கும், எரிச்சல் தாமதமாகவே வரும். எரியவில்லையே, ஒன்றுமில்லை என்று பிள்ளை வேலையைத் தொடரும். அரிக்கும் பொருள் என்றால் சொறிகிற அரிப்பு நினைவுக்கு வரும். ஒரு மாணவன் என்னிடமே கேட்டிருக்கிறான், "அரிக்கும்னா பவுடர் போட்டா சரியாயிடுமா?" என்று. அன்றிலிருந்து நான் "தோலைத் தின்னும்" என்றே சொல்வேன். பாடநூல் சொல்லைத் தேர்வில் எழுதட்டும். ஆபத்தைத் தங்கள் சொல்லில் சொல்லட்டும்.

எல்லாவற்றிலும் மோசமான சொல் "மருந்து". என் அம்மா தோட்டத்தில் மருந்து அடித்தார். களைக்கொல்லித் தொட்டியை முதுகில் சுமந்து, செம்பனை நிரைகளுக்கு நடுவில், ஆண்டுக்கணக்கில். அடித்தது பராகுவாட்; இந்த நாடு 2020 ஜனவரி 1 முதல் அடியோடு தடைசெய்துவிட்ட விஷம். தோட்டத்தில் அதற்குப் பெயர் மருந்து. மருந்து என்று பெயர் வைத்த பொருளைப் பார்த்து எப்படிப் பயம் வரும்? மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கொடுத்தது ஒரு துணி முகமூடி, அவ்வளவுதான். டின்னில் இருந்த ஆங்கிலம் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நகங்கள் நிறம் மாறி உதிர்ந்தன. ஆனால் ஒன்று செய்வார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த குழாயில் கையும் காலும் முகமும் கழுவி, சட்டையை மாற்றாமல் என் தம்பியைத் தூக்க மாட்டார். அவன் கையை நீட்டி அழுதாலும் தூக்க மாட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கையில் ஒட்டியது கண்ணுக்குத் தெரியாமல் இன்னோர் இடத்துக்குப் போகும் என்று அவராகக் கண்டுகொண்டது. ஆய்வுக்கூடப் பாதுகாப்பில் நான் கற்பித்த மிக முக்கியமான பாடம் அதுதான், என் அம்மாவிடமிருந்து வந்தது.

அந்தப் பாடத்தை உங்கள் மாணவர்களுக்குக் கண்ணால் காட்டலாம், மஞ்சளால். மஞ்சள்தூளை எத்தனாலில் கலக்கி, வடித்து, அதில் வடிதாளை நனைத்துத் தீ இல்லாத இடத்தில் உலர்த்துங்கள். மஞ்சள் தாள் தயார். காரம் பட்டால் செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல். சீன மாணவர்களும் மலாய் மாணவர்களும் இருந்தால் ஆரத்தியைப் பற்றி நம் பிள்ளைகளே சொல்லட்டும். கேட்க நன்றாக இருக்கும்.

காஸ்டிக் சோடா வைத்து நிறை அறிதல், கரைசலின் செறிவை அளக்கும் டைட்ரேஷன் செய்யும் நாளில், எல்லாரும் துடைத்துவிட்டோம் என்று சொன்ன பிறகு, கையுறை போட்டுக்கொண்டு, இந்தத் தாளைத் தண்ணீரில் லேசாக நனைத்து இடம் இடமாக ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். தராசு மேசை, பியூரெட்டின் திருகு, ஸ்டூலின் விளிம்பு, கதவுப்பிடி, பேனா, பாதுகாப்புக் கண்ணாடியின் பட்டை. கடைசியாகக் கைப்பேசி. ஈரப் பஞ்சால் துடைத்து அந்தப் பஞ்சைத் தாளில் ஒற்றினால் போதும். சிவக்கும் இடங்களைப் பார்த்து வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். நான் இதைச் செய்த ஒவ்வோர் ஆண்டும் ஒரு கைப்பேசியாவது சிவந்தது. பழைய கறையும் காட்டிக்கொடுக்கும். காஸ்டிக் சோடா காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிச் சோடியம் கார்பனேட்டாக மாறினாலும் அதுவும் காரம்தான். "வெளியே போகும்போது கை கழுவு" என்ற விதியை அதன்பிறகு நான் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

ஒவ்வொரு செய்முறைக்கும் முன்னால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அமெரிக்க வேதியியல் கழகம் ஆபத்தைக் கண்டுகொள்வது, எடைபோடுவது, குறைப்பது, அவசரத்துக்குத் தயாராவது என்று நான்கு படியாகக் கற்பிக்கச் சொல்கிறது. நான் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்பேன்: இன்றைக்கு இதில் எது கடிக்கும்? எப்போது கடிக்கும்? கடிக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறோம்? கடித்துவிட்டால் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்வோம்? பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். யார் சொல்வது என்பதை அங்கேயே சீட்டுக் குலுக்கி எடுங்கள். அப்போதுதான் எல்லாரும் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளைப் படித்து வருவார்கள். தரவுத்தாளின் 16 பகுதிகளையும் படிக்கச் சொன்னால் ஒன்றையும் படிக்க மாட்டார்கள். முதலுதவி சொல்லும் 4, கையுறை, காற்றோட்டம் பற்றிய 8, எதோடு சேரக் கூடாது என்ற 10, இந்த மூன்றும் போதும். எந்த மொழியில் சொன்னாலும் சரி. தங்கள் வாயால் சொல்கிற ஆபத்து, காதால் கேட்கிற ஆபத்தைவிட நெடுநாள் நிற்கும்.

நம் வெப்பத்தைப் பற்றிப் பாடநூல்கள் பேசுவதில்லை. அவற்றில் அறை வெப்பம் என்றால் 20, 25 டிகிரி. கோலாலம்பூரில் பிற்பகல் 33 டிகிரி சாதாரணம். டைஎத்தில் ஈதர் என்ற கரைப்பான் 34.6 டிகிரியில் கொதிக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஏசியை அணைத்துப் பூட்டிய அறையில், வெயில் விழும் ஜன்னலோரம் அந்த பாட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மெத்தனாலின் தீப்பற்று நிலை, அதாவது ஆவி பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பம், 11 டிகிரி, எத்தனாலுக்குச் சுமார் 13, அசிட்டோனுக்குச் சுழிக்குக் கீழே 20. இந்த நகரத்தில் வருடத்தின் எந்த நாளும், எந்த மணியும், இவை எல்லாம் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் நிலையில்தான் இருக்கின்றன. ஆவி காற்றைவிடக் கனமானது, மேசையோடு ஊர்ந்துபோய் அடுத்த வரிசை பர்னரைத் தொடும்.

பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றுவதும் பெரும்பாலும் திமிரால் அல்ல. "பனி பிடிக்குது மிஸ், ஒண்ணும் தெரியல" என்றால் அது உண்மை. காற்றுத் துளை மறைவாக உள்ள, பனி படியாத பூச்சுள்ள கண்ணாடி வாங்கித்தரும்படி கல்லூரியைக் கேளுங்கள். கண்ணை உறுத்தினால் வரிசையை விட்டு வெளியே வந்து துடைத்துவிட்டுத் திரும்பலாம் என்று அனுமதி கொடுங்கள். கழற்றுவதற்கு ஓர் இடம் இருந்தால் மேசையருகில் கழற்ற மாட்டார்கள். நீங்களும் உதவியாளரும் உங்கள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அந்த ஒன்றுக்கு முன் உங்கள் 34 விதியும் செல்லாது.

கையுறை பற்றியும் ஒரு வார்த்தை. உலகத்துக்கே கையுறை செய்து அனுப்புகிற நாடு நம்முடையது. பால்மரம் என்கிற ரப்பர் மரத்தை வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் கையுறை போட்டால் எதையும் தொடலாம் என்று நம்புகிறார்கள். மெல்லிய நைட்ரைல் ரப்பர் கையுறையை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் சில நிமிடங்களுக்குள் ஊடுருவிவிடும். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் காரென் வெட்டர்ஹான், நச்சு உலோகங்களை நன்கு அறிந்தவர், 1996 ஆகஸ்ட்டில் லேடெக்ஸ் கையுறைமேல் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மம் சில சொட்டுச் சிந்தியதால் 1997 ஜூனில் இறந்தார். அன்றைய முறைப்படி அவர் எல்லாம் சரியாகவே செய்திருந்தார். அந்தக் கையுறை அந்தச் சேர்மத்தைச் சில விநாடிகூடத் தாங்காது என்று அப்போது தெரிந்திருக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போது பயமுறுத்தும் தொனி வேண்டாம். கையுறை என்பது கழற்றி எறிந்து கை கழுவுவதற்குக் கிடைக்கும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள்.

இப்போது மதிப்பெண் விவகாரம். கழிப்பதை நிறுத்துங்கள்; சேர்ப்பதைத் தொடங்குங்கள். ஒவ்வொரு செய்முறை அறிக்கையிலும் "எது கடித்திருக்கும்" என்று ஒரு பத்தி, அதற்கு மதிப்பெண். தேர்விலும் ஒரு கேள்வி. அதோடு ஆய்வுக்கூட வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிடுங்கள். நான் வைத்திருந்ததற்கு "நல்லவேளைப் புத்தகம்" என்று பெயர். "நல்லவேளை, தப்பிச்சோம்" என்று சொல்ல வைக்கும் எதையும் அதில் எழுதலாம்: பீக்கர் நழுவியது, பாட்டிலில் பெயர் இல்லை, வில்லை கீழே விழுந்தது. பெயர் எழுத வேண்டியதில்லை. எழுதியதற்காக யாருக்கும் எதுவும் போகாது. அடுத்த வகுப்பின் முதல் இரண்டு நிமிடத்தில் அதை வாசித்து, என்ன மாற்றினோம் என்று சொல்லுங்கள். முதல் பக்கத்தை நீங்கள்தான் எழுத வேண்டும், உங்கள் சொந்தத் தவறோடு. ஆரம்பத்தில் சில வாரம் வெறுமையாகத்தான் இருக்கும். பொறுத்திருங்கள்.

அப்படியானால் தண்டனையே கூடாதா என்று கேட்பார்கள். வேண்டுமென்றே விளையாடுகிறவன், சாப்பாட்டைக் கொண்டுவருகிறவன், தனியாக இருந்து செய்கிறவன் அன்றைக்கு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற வேண்டும். சத்தம் போடாமல், பேரம் பேசாமல். தெரியாமல் செய்ததும், தெரிந்து மற்றவரை ஆபத்தில் தள்ளியதும் ஒன்றல்ல என்று பிள்ளைகளுக்கே புரியும்.

துறைத் தலைவரிடம் பேசும்போது சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கை பூலோவில் 1991 மே 7ஆம் தேதி பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் இறந்த நாட்டில், மூன்று ஆண்டு கழித்து 1994இல் வந்தது தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். மாணவர்கள் ஊழியர்கள் இல்லையே என்று தள்ளிவிட முடியாது. ஊழியர் அல்லாதவர்களின் பாதுகாப்பும் முதலாளியின் கடமை என்கிறது அதன் 17ஆம் பிரிவு. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி அபாய மதிப்பீடு செய்வது கட்டாயம். கடமை தவறினால் அபராதம் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை போகலாம். பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காக ஓர் ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று 27ஆம் பிரிவு இருக்கிறது, அது உங்களுக்காக. மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். கைப்பிடியுள்ள சின்னத் தூரிகை, தராசுக்கு அடியில் விரிக்கக் கறுப்புத் தட்டு, அளவான கோட், நல்ல கண்ணாடி, இவற்றுக்குப் பணம் கேளுங்கள். கறுப்புத் தட்டில் வெள்ளை வில்லை விழுந்தால் கரைவதற்குள் கண்ணில் படும். 24 பேரும் ஒரே நேரத்தில் தராசுக்கு முண்டாமல், பன்னிரண்டு பேர் எடைபோடும்போது மற்றவர்கள் கணக்கு எழுதட்டும். நச்சுப் பொருள் குறித்துச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு இங்கே பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் எண்ணையும் அவசர எண் 999ஐயும் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

அந்த மாணவிக்குக் கழித்த மதிப்பெண் ஏதும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு அவளுக்குச் சம்மதம் என்றால் மட்டும், மஞ்சள் தாளைத் தயாரிக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் நீங்கள் இருவருமாகத் தராசு மேசையை ஒற்றிப் பாருங்கள். எங்கெங்கே சிவந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.